முதல் பிரசவம் சிசேரியன், அடுத்தது?

ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று எட்வின் கிரேகின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது 1916-இல். அன்று கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டினார்கள்; அந்தத் தழும்பு பிரசவ வலியைத் தாங்காது. இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். கதையே வேறு. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் வாயில் பழைய வரிதான் ஓடுகிறது.

குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் இருந்து சுகப்பிரசவத்துக்கு முயன்றால், 100-இல் 60 முதல் 80 பேருக்குக் கைகூடுகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆகியிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பயமெல்லாம் வலியின்போது தழும்பு கிழிவதில்தான். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு நேரலாம். நேர்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிடக் கணக்கு. பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது குழந்தையின் இதயத் துடிப்பு என்பதால், வயிற்றில் பெல்ட் கட்டி மானிட்டரில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நடுராத்திரியிலும் தியேட்டர், மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் தயாராக இல்லாத இடமென்றால் இந்த முயற்சியே வேண்டாம் என்பேன்.

தேதி குறித்துச் செய்யும் சிசேரியனில் அந்தப் பயம் அநேகமாக இல்லை. வழக்கமாக 39-வது வாரத்தில் வைப்பார்கள். உடம்பு தேற நாளாகும்; குழந்தைக்குக் கொஞ்ச நேரம் மூச்சிரைப்பு வரலாம். பெரிய சிக்கல் அடுத்த கர்ப்பத்தில் காத்திருக்கிறது: நஞ்சுக்கொடி பழைய தழும்பிலேயே ஆழ ஊன்றிக்கொள்வது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருக்கும் பெண்களில் இது இரண்டாவது சிசேரியனில் சுமார் 11 சதவீதம், மூன்றாவதில் 40. இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்பவருக்கும் இதோடு போதும் என்பவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

யாரும் பேச விரும்பாத மூன்றாவது வழி, சுகப்பிரசவத்துக்கு முயன்று பாதியில் அவசர சிசேரியனில் முடிவது. ரத்தப்போக்கும் தொற்றும் தேதி குறித்ததைவிட இதில் அதிகம். அதனால் முயற்சி கைகூடுமா என்பதே முதல் கேள்வி. போன முறை குழந்தை தலைகீழாகத் திரும்பாததால் அறுத்திருந்தால் நம்பிக்கை அதிகம். வலி வந்தும் வழி திறக்காமல் நின்றிருந்தால் குறைவு. இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஒன்றரை வருடம்கூட இல்லையென்றால் தழும்பு கிழியும் ஆபத்து கூடும். வலி தானாக வருவது நல்லது. வரவழைக்க மிசோப்ரோஸ்டால் மாத்திரை மட்டும் கூடவே கூடாது.

வயிற்றில் தெரியும் கோட்டை நம்ப வேண்டாம். தோலில் குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக வெட்டியிருக்கலாம். பழைய ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கி, முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் காட்டுங்கள்.