வயிற்றில் குழந்தையின் அசைவைக் கணக்கு வைத்தது: நோட்டு, ஆப், டாப்ளர்

முதல் பிரசவத்துக்கு நோட்டும் பேனாவும், இரண்டாவதுக்குப் போனில் ஆப். இரண்டு முறையும் 28 வாரம் முடிந்ததும் ஆரம்பித்து, வலி எடுக்கும் வரை தொடர்ந்தேன். சுருக்கமாகக் கேட்டால், இரண்டில் எதுவானாலும் சரி; டாப்ளர் (குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டிலேயே கேட்கும் கருவி) மட்டும் வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்து, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, பத்து அசைவு வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். உதைப்பது, உருள்வது, புரள்வது எல்லாம் சேர்த்தி. ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டே இருப்பது விக்கல், அதை விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வராவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். குழந்தை உள்ளே 20 முதல் 40 நிமிடம் தூங்கி எழும் என்பதால், அரை மணி நேரம் சும்மா இருந்தாலே பதற வேண்டியதில்லை.

நோட்டில் ஒரே தொல்லை, ஆரம்பித்த நேரம் மறந்துபோவது. ஆனால் ஓரத்தில் 'இன்று மந்தம்', 'பலமான உதை' என்று நாமே எழுதி வைக்கலாம். டாக்டர் எண்களை விட்டுவிட்டு அந்த ஓரக் குறிப்புகளைத்தான் படித்தார்.

ஆப்பாக நான் வைத்திருந்தது 'கவுண்ட் தி கிக்ஸ்'. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், குழந்தையை இழந்த தாய்மார்கள் சேர்ந்து தொடங்கியது, இலவசம். ஒவ்வொரு அசைவுக்கும் திரையைத் தொட்டால் நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், நாள்வாரியாக வரைபடமும் தரும். இரண்டாவது முறை எனக்கு நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் இருந்தது. நடுவில் மெத்தை வைத்த மாதிரி உதையெல்லாம் அமுங்கித்தான் தெரியும். முதல் குழந்தைக்கு ஆன நேரத்தை வைத்து ஒப்பிட்டிருந்தால் தினமும் பயந்திருப்பேன். இந்தக் குழந்தைக்கு வழக்கம் எது என்பதை வரைபடம் காட்டிக்கொடுத்தது. பிரிட்டனில் பத்து என்ற எண்ணைக்கூட வலியுறுத்துவதில்லை, உங்கள் குழந்தையின் வழக்கம் மாறினால் வாருங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

அசைவை எண்ணுவதை ஒரு கவசம் என்றும் நினைக்க வேண்டாம். அசைவு குறைந்தால் உடனே வரும்படி தாய்மார்களுக்குச் சொல்லி, வந்தவர்களை ஒரே முறையில் கவனித்து, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெரிய ஆய்வு ஒன்று செய்தார்கள். 2018-இல் வந்த அதன் முடிவுப்படி, வயிற்றிலேயே குழந்தை இறப்பது குறிப்பிடும்படி குறையவில்லை. சிசேரியனும் மருந்து கொடுத்து வலி வரவைப்பதும்தான் கூடின. இதைப் படித்த பிறகும் நான் எண்ணினேன். எண்ணாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

டாப்ளர் கருவியை நாத்தனார் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தார். டாக்டர் பார்த்ததும் திருப்பி அனுப்பச் சொன்னார். குழந்தை சிரமப்படும்போதும் இதயத்துடிப்பு கேட்கும்; பல நேரம் அசைவு குறைவதுதான் முந்திய எச்சரிக்கை. தாயின் நாடியையோ நஞ்சுக்கொடியில் ரத்தம் ஓடும் சத்தத்தையோ குழந்தையின் துடிப்பு என்று நினைத்து நிம்மதியாகப் படுத்துவிடவும் வாய்ப்புண்டு.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் ராத்திரி கணக்கு இழுத்துக்கொண்டே போனது. "கடைசி மாசத்துல இடம் இருக்காதும்மா, அசைவு குறையத்தான் செய்யும்" என்றார் அத்தை. பலரும் சொல்வதுதான், ஆனால் தவறு. கடைசியில் உதை குறைந்து புரளல் கூடலாம். மொத்த அசைவு குறையக் கூடாது. அந்த நேரத்திலேயே கிளம்பினோம். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி என்எஸ்டி (குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள், இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. துடிப்பு நிமிடத்துக்கு 110-க்கும் 160-க்கும் இடையில் இருந்தது, குழந்தை அசையும்போதெல்லாம் ஏறி இறங்கியது. நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். "திரும்பவும் குறைஞ்சா, நேத்துதானே பார்த்தாங்கன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க" என்றார் டூட்டி டாக்டர். அப்புறம் பிரசவம் வரை குறையவில்லை.