செங்கல் சுவருக்கு எந்தப் பூச்சு? டப்பா வாங்கும் முன் அது எப்படிக் கெடும் என்று பாருங்கள்

ஷேட் கார்டில் எல்லாப் பூச்சும் நன்றாகத்தான் இருக்கும். சுவரில் ஏறிய முதல் வருடமும் குறை தெரியாது. இரண்டு மூன்று ஐப்பசி, கார்த்திகை கடந்த பிறகுதான் எது எது என்பது வெளியே வரும். அதனால் சிமெண்ட் பூசாத செங்கல் சுவருக்கு என்ன அடிக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது கெடும்போது எப்படிக் கெடும், கெட்ட பிறகு அதன்மேல் வேறு என்ன அடிக்க முடியும்? இந்தக் கணக்கில் பார்த்தால், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் டப்பா வெளிச்சுவரைப் பொறுத்தவரை பெரும்பாலும் கடைசிக்குப் போய்விடுகிறது.

சுட்ட செங்கல் தண்ணீர் குடிக்கும். சாதாரணத் தரச் செங்கல் 24 மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை உறிஞ்சலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1077 விட்டுவைத்திருக்கிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கு மேல். குடித்த தண்ணீர் வெயில் வந்ததும் வெளியேற வேண்டும். வெளியேறும்போது செங்கல் மண்ணிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக் கொண்டுவரும். வெளிமுகத்தில் வந்து காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஒரு படலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காய்ந்தால், உப்புப் படிகம் அங்கேயே வளர்ந்து செங்கலின் தோலை நெம்பித் தள்ளும். குளிர்நாடுகளில் பனிக்கட்டி செய்கிற வேலையை நம் கடற்கரை ஊர்களில் உப்பு செய்கிறது.

வெளிச்சுவர்

கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் அந்த டப்பா எக்ஸ்டீரியர் எமல்ஷன், அதாவது சுவர்மேல் பிளாஸ்டிக் போன்ற படலமாகக் காயும் பெயிண்ட். அதற்கு உள்ள மரியாதை காரணமில்லாமல் வரவில்லை. கேட்ட நிறம் கிடைக்கும், ரோலரில் சீக்கிரம் ஏறும், மழைத்தண்ணீரை நன்றாகத் தடுக்கும். பூசிய சுவரில் அது சரியான பொருள்தான். பூசாத செங்கலில் சிக்கல் வேறு. தண்ணீர் முகத்தின் வழியாக மட்டுமா நுழைகிறது? மூடாத பாரப்பெட்டின் (மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர்) தலையில், செங்கல்களுக்கு இடையிலான சாந்து ஜாயிண்டின் மயிரிழை வெடிப்பில், அஸ்திவாரத்திலிருந்து மேலே என்று பல வழி. நுழைந்தது முழுவதும் எமல்ஷன் படலத்தைத் தாண்டி வேகமாக வெளியேற முடியாது. ஜனவரியில் கொப்புளம் எழும், வெயில் ஏற ஏற உரியும்.

அப்படி உரிந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் செங்கல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருக்கும். நடுநடுவே மாவு போல உப்பு. ‘பிடி விட்டுப்போச்சு சார், இன்னொரு கோட் பிரைமர் போட்டிருக்கணும்’ என்பார் பெயிண்டர். பிடி எங்கே விட்டது? பிடித்திருந்த செங்கல் தோலையும் சேர்த்துக்கொண்டு அல்லவா வந்திருக்கிறது. சூளையில் நன்றாக வெந்த அந்த மேல்தோல் போனால் உள்ளே இருப்பது இன்னும் மிருதுவானது. அடுத்த மழைக்கு அது கூடுதலாகக் குடிக்கும். எலாஸ்டோமெரிக் என்று விற்கும், ரப்பர் போல இழுபடும் கனமான பூச்சுகளில் இந்தச் சங்கடம் இன்னும் கூடும்.

சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது; சுவரின் மூச்சை அடைப்பதில்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தை இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மார்கழியில் சுவர் உள்ளுக்குள் ஈரமாகத்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு அந்த ஈரம் வேண்டும். காய்ந்த செங்கலில் அடித்தால் தண்ணீரை உடனே இழந்து மாவாக உதிரும். அதனால்தான் அடிக்கும் முன் சுவரை நனைப்பார்கள். இன்று பழக்கம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று அதே ஈரச் சுவரில் எமல்ஷனை ஏற்றுகிறோம். எமல்ஷன்தான் வேண்டும் என்றால் பங்குனிவரை பொறுங்கள்.

சுண்ணாம்பின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், சாரல் அடிக்கும் பக்கம் ஓரிரு வருடத்தில் மெலிந்துவிடும். அடிக்கும்போது ஒன்றுமே ஏறாதது போல் தண்ணியாகத் தெரியும். காய்ந்த பிறகே வெளுக்கும். இது தெரியாத பையன்கள் கெட்டியாகக் கலக்கித் தடவிவிட, பிறகு அது செதிலாக வெடிக்கும். தண்ணியாக இரண்டு மூன்று கை அடிப்பதே சரி. நிறத்துக்குக் காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்கள் தாங்கும். சுண்ணாம்பின் காரத்தில் பல நிறங்கள் வெளிறிவிடும். ஆனால் கெடும் விதம் எனக்குப் பிடிக்கும். மெல்ல மெல்லத் தேயும். அதன்மேல் மறுபடி அடிக்கலாம். சுரண்டுகிற கூலி அதிகம் வராது. செங்கலுக்குச் சேதமும் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் சிமெண்ட் பெயிண்ட். ஸ்னோசெம் என்ற பிராண்ட் பெயராலேயே அதைக் குறிப்பிடுபவர்கள் இன்னும் உண்டு. வெள்ளை சிமெண்ட் அடிப்படையிலான தூள். கலக்கினால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், சுவரை நனைத்து அடிக்க வேண்டும், பிறகு தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. பழி பெயிண்ட் மேல் விழுகிறது. சுண்ணாம்பைவிட மழை தாங்கும், எமல்ஷனைவிட மூச்சு விடும், விலையும் குறைவு. காலப்போக்கில் வெளிறும், பாசி பிடிக்கும், ஆனால் பாளம் பாளமாக உரியாது. காம்பவுண்ட் சுவருக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம்.

செங்கலின் நிறமே தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. கடையில் இரண்டும் ‘கிளியர் கோட்’ என்ற ஒரே பெயரில் வருவதுதான் ஆபத்து. ஒன்று வார்னிஷ் வகை: பளபளப்பான படலம். அடித்த அன்று நனைந்த செங்கல் போல மின்னும். ஈரம் அடியில் மாட்டினால் பால் போல வெளுக்கும், சில வகைகள் வெயிலில் மஞ்சளாகும். அதைச் செங்கலின் குழிகளிலிருந்து எடுப்பது நரகம். மற்றது சிலேன்-சிலாக்ஸேன் வகை: படலம் கிடையாது, செங்கலுக்குள் இறங்கி நுண்துளைகளின் சுவரை நீர் ஒட்டாததாக்கும், ஆவி மட்டும் போய்வரும். நிறம் அநேகமாக மாறாது. காய்ந்த சுவரில், கீழிருந்து மேலாக, வழிய வழிய அடிக்க வேண்டும். விலை கூடுதல்தான். அது தீர்ந்துபோவதும் சத்தமில்லாமல்: ஒரு கை தண்ணீரை வீசினால் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் சுவர் குடிக்கத் தொடங்கும், அவ்வளவே. திரும்ப அடித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவரில் இதையும் அடிக்காதீர்கள். உப்பு அது இறங்கிய ஆழத்துக்குப் பின்னால் சேர்ந்து முகத்தையே உடைக்கும்.

1878-ல் ஜெர்மனியில் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற பொட்டாசியம் சிலிகேட் பெயிண்ட் இன்னொரு வழி. செங்கலோடு வேதியியல் முறையில் பிணையும், நன்றாக மூச்சும் விடும். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது என்பதால் கடந்து போகிறேன்.

எதுவுமே அடிக்காமல் விடுவதையும் போட்டியில் சேர்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ளூர் (Ulloor) என்ற பகுதியில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் செங்கல் சுவர்கள் 1970-களிலிருந்து கேரள மழையில் நிற்கின்றன. செங்கல் நன்றாக வெந்திருந்து, கூரை நீட்டி இறங்கியிருந்து, ஜாயிண்ட் நிரம்பியிருந்தால் பெயிண்டர் வரவே தேவையில்லை. நம் புது வீடுகளில் இந்த மூன்றில் எத்தனை இருக்கின்றன என்பது வேறு கதை.

செங்கல் மேலேயே செங்கல் நிற எனாமலை அடித்து, ஜாயிண்டில் வெள்ளைக் கோடு இழுப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? நிஜத்தை மூடி அதன் படத்தை வரைகிறார்கள். காசும் போய், சுவரும் போய்.

உட்சுவர்

உள்ளே தீர்ப்பு ஏறக்குறைய தலைகீழ். மழை இல்லை, வெயில் இல்லை. எமல்ஷன் இங்கே தாராளமாக நிற்கும். செங்கல் தூள் கொட்டாது, சமையலறைப் பிசுக்கைத் துடைக்கலாம், வெளிச்சத்தை விழுங்கும் சிவப்புச் சுவர் வெள்ளையானதும் அறையே பெரிதாகத் தோன்றும். பளபளப்பு வேண்டாம், மேட் வாங்குங்கள். செங்கலின் மேடு பள்ளம் பளபளப்பில் அசிங்கமாகத் தெரியும். புதிதாகக் கட்டிய சுவரென்றால் குறைந்தது 28 நாள் விட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்துத் தொடங்க வேண்டும். ஜாயிண்டுக்குள் ரோலர் போகாது; முதலில் பிரஷ். தட்டையான சுவரின் சதுர அடிக் கணக்கில் பெயிண்ட் வாங்கினால் பாதியில் தீர்ந்துவிடும், ஏனென்றால் குழிகளும் விளிம்புகளும் நிறையக் குடிக்கும்.

உட்புறத்திலும் விதிவிலக்கு உண்டு. குளியலறையை ஒட்டிய சுவர், தரைத்தளத்தில் அடியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்: இங்கே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். சுவர்ப்பக்கம் முத்து கோத்தால் அங்கே எமல்ஷன் வேண்டாம். ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்யும்வரை சுண்ணாம்பு மட்டும். ஒரே சுவரின் வெளிப்பக்கம் ஏற்கனவே கனமான பூச்சு இருந்தால் உட்பக்கத்தையும் அடைக்காதீர்கள். ஈரத்துக்கு ஒரு வாசலாவது திறந்திருக்க வேண்டும். டிஸ்டெம்பர் மலிவு, ஆனால் செங்கலின் சொரசொரப்பைத் துடைக்கப் போனால் துணியோடு வந்துவிடும்.

டிவிக்குப் பின்னால் ஒரு செங்கல் சுவரை மட்டும் காட்சிக்கு விட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது சிலேன் வகை, அல்லது சும்மா பிரஷ்ஷால் தட்டிவிட்டு அப்படியே விடுவது. ஒரு முறை பெயிண்ட் ஏறிய செங்கல் பழைய செங்கலாகத் திரும்பி வராது.

ஏற்கனவே எமல்ஷன் ஏறி உரிந்துகொண்டிருக்கும் வெளிச்சுவர்தான் கடினமான கேஸ். அதன்மேல் சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ பிடிக்காது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வருபவர்களை அனுப்பிவிடுங்கள். செங்கலின் வெந்த தோலையும் அது தின்றுவிடும். ஆசிட் வாஷும் தீர்வல்ல. சரியாக அலசாவிட்டால் அதுவே புதிய உப்பைச் சேர்க்கும். பெயிண்ட் ரிமூவர், நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர், சுவர் காய ஒரு முழுக் கோடை. அந்தக் கூலிக்கு மனசில்லை என்றால், உரிந்ததை மட்டும் சுரண்டிவிட்டு, பாரப்பெட் தலையை மூடி, ஜாயிண்டுகளை அடைத்து, சித்திரையில் மறுபடி எமல்ஷனே அடியுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு வரும் என்று பட்ஜெட்டில் எழுதி வைத்துக்கொண்டு.