எக்ஸோட்டிகா: மோனோவா, ஸ்டீரியோவா?

மூங்கில் தட்டி, மங்கலான விளக்கு, ரம் வாசனை என்று பசிபிக் தீவுப் பாணி ‘டீக்கி’ பார் மனநிலையை வீட்டில் கொண்டுவர மார்ட்டின் டென்னியின் ‘எக்ஸோட்டிகா’ இசைத்தட்டை வாங்கப்போகும் நண்பர், எந்தப் பதிப்பு நல்லது, எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோவா, இடம் வலம் என்று பிரியும் ஸ்டீரியோவா என்று கேட்கிறார். இரண்டையும் வருடக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்: மோனோ.

இவை ஒரே பதிவின் இரண்டு வடிவங்கள் அல்ல. மோனோ, 1956 டிசம்பரில் ஹொனலுலுவில் பதிவானது. உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனை வாசித்தவர் ஆர்தர் லைமன். 1958இல் எல்லாவற்றையும் மறுபடி வாசித்து ஸ்டீரியோவில் பதிந்தபோது லைமன் விலகியிருந்தார். அந்த இடத்தில் ஜூலியஸ் வெக்டர். அட்டைப்படத்தை நம்பி வாங்காதீர்கள், தட்டின் எண்ணைப் பாருங்கள்: எல்ஆர்பி (LRP) 3034 மோனோ, எல்எஸ்டி (LST) 7034 ஸ்டீரியோ. இணையத்தில் கேட்பவர்கள் ஹெட்ஃபோன் மாட்டினால் எது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எரிச்சலே அந்த ஸ்டீரியோதான். வாத்தியங்களை இடம், வலம் என்று பிய்த்து வைத்திருக்கிறார்கள், நடுவில் வெற்றிடம். ஸ்பீக்கர் ஒன்று சோபாவுக்குப் பின்னால் போனால் பாதி இசை காணாமல் போகும். டீக்கி இசை அறையை நிறைக்க வேண்டும், இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்று தலையைத் திருப்பக் கூடாது. அப்போது ஸ்டீரியோ இசைத்தட்டு சந்தைக்குப் புதிது, பிரித்துக் காட்டினால்தான் விற்கும் என்பது புரிகிறது. தாளக் கருவிகள் அதில் தெளிவாகக் கேட்பதும் உண்மை. ஆனாலும் டென்னி குழுவின் தாளக் கலைஞர் ஆகி கோலோன் வாயால் எழுப்பும் பறவைக் கூவல் காட்டுக்குள்ளிருந்து வருவது மோனோவில்தான்.

ஸ்டீரியோதான் கையில் இருக்கிறதா? ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். போனில் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் ‘மோனோ ஆடியோ’ இருக்கும். பாட்டோடு பாட்டைக் கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள், முடிவில் வரும் கூவல்களை அது விழுங்கிவிடும். சத்தம், பேச்சை மறைக்காத அளவு போதும்.

பழைய மோனோ தட்டின் கரகரப்புக்கும் அதே பொத்தான்தான் மருந்து. மோனோ இசை, ஊசி ஓடும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை ஒலியாக்கும் பாகம்) மேல்கீழ் அசைவையும் தூசியோடு சேர்த்துப் படிக்கும். இரண்டு சேனலையும் கூட்டினால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மோனோ தட்டுக்கான 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் ஸ்டீரியோ தட்டை மட்டும் போடவே போடாதீர்கள்: மேல்கீழாக வளையத் தெரியாத ஊசி பள்ளத்தைச் செதுக்கிவிடும்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஒரே ஒரு தட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ‘எக்ஸோட்டிகா’வே வேண்டாம். லைமன் தனியாகப் போய் 1958இல் வெளியிட்ட ‘டபூ’வை வாங்குங்கள், அதுவும் ஸ்டீரியோவில். ஹொனலுலுவின் வைகீகியில், தொழிலதிபர் கைசரின் ஹவாயன் வில்லேஜ் ஓட்டலில் இருந்த அலுமினியக் குவிமாடத்துக்குள் பதிந்தது. வைப்ரஃபோனை அடித்தபின் எழும் எதிரொலி இடத்தையும் வலத்தையும் ஒட்டவைத்துவிடுகிறது, நடுவில் வெற்றிடமே இல்லை. விளக்கை அணைத்தபின் என் கை போவது அந்தத் தட்டுக்குத்தான்.