டக்ரோலிமஸ்: முழு இரத்தத்தில் அளப்பதா, வெண்குழியத்துக்குள் அளப்பதா?

அண்ணாவுக்குச் சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்ததிலிருந்து அவரோடு கொழும்புக் கிளினிக்குக்கு நான்தான் போகிறேன். திருகோணமலையில் இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் போடுவது டக்ரோலிமஸ் குளிசை. முந்தின இரவு 8 மணிக்கு அதைப் போட்டால், 12 மணித்தியாலம் கழித்து, காலைக் குளிசைக்கு முன் இரத்தம் எடுப்பார்கள். அதில் வரும் எண்ணைப் பார்த்துத்தான் டோஸ் கூடும், குறையும்.

அது முழு இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு. டக்ரோலிமஸின் பெரும்பங்கு செங்குழியங்களில் ஒட்டிக்கிடக்கும். புதுச் சிறுநீரகத்தைத் தாக்குபவையோ நிணநீர்க்குழியங்கள் என்ற வகை வெண்குழியங்கள். மருந்து வேலை செய்ய வேண்டியது அவற்றுக்குள்ளே. இரத்தசோகை வந்தால் செங்குழியம் குறைய, ரிப்போர்ட்டில் எண்ணும் இறங்கும். வேலை செய்யும் மருந்து குறைந்திருக்க வேண்டும் என்றில்லை. எண்ணை மட்டும் நம்பி டோசைக் கூட்டினால் கை நடுங்கும், காப்பாற்ற நினைத்த சிறுநீரகமே கெடலாம். எனக்குப் பெரிய பயம் இதுதான்.

வெண்குழியங்களைப் பிரித்தெடுத்து உள்ளே இருக்கும் மருந்தை அளக்கும் முறை, சரியான இடத்தைத் தேடிப் போகிறது. குழியத்தின் மென்சவ்வில் மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்ப் இருப்பதால், இரத்தத்தில் ஒரே அளவு உள்ள இருவருக்கும் குழியத்துக்குள் வேறு வேறு அளவு இருக்கலாம். ஈரல் மாற்று நோயாளர்களிடம் இந்த அளவு நிராகரிப்போடு நன்றாகப் பொருந்தியதாகச் சில ஆய்வுகள் காட்டின. சிறுநீரகத்தில் முடிவுகள் அவ்வளவு ஒத்துப்போகவில்லை.

ஆனால் வேலை பெரிது. குழியங்களைப் பிரித்து, கழுவி, எண்ணி, திணிவு நிறமாலைமானி என்ற நுண்ணிய கருவியில் அளக்க வேண்டும். தாமதித்தால் மருந்து குழியத்திலிருந்து கசிந்துவிடும். அதனால் குளிரில், வேகமாகச் செய்ய வேண்டும். திருகோணமலையில் எடுத்த இரத்தத்தைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிற கதை இதற்குச் சரிவராது. அப்புறம், எந்த அளவுக்குள் இருந்தால் நல்லது என்று எல்லோரும் ஏற்ற வரம்பும் இன்னும் இல்லை.

விரல் நுனி இரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்பும் முறை பயணத்தை மிச்சமாக்கும். அளப்பது என்னவோ முழு இரத்தத்தைத்தான்.

இன்றைக்கு என் தெரிவு முழு இரத்தப் பரிசோதனையே. ஆனால் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து டொக்டரிடம் காட்டுவேன். வயிற்றோட்டம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், மருந்தின் அளவு ஏறலாம். அண்ணா பஸ்ஸிலேயே பழக்கத்தில் போட்டுவிடாதபடி, காலைக் குளிசை என் பைக்குள் இருக்கும். இரத்தம் எடுத்த பிறகுதான் கொடுப்பேன்.