வாசித்தது யார் என்று கேட்காமல் படத்தின் இசைத்தட்டை வாங்காதீர்கள்

வெளிநாட்டுப் படங்களின் பின்னணி இசையைத் தேடித் தேடி எல்.பி. என்கிற பெரிய இசைத்தட்டாக வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய தட்டு விற்கும் ஒருவரிடம் போன மாதம் 4,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அது யாருக்காக, எந்த நாளுக்காக வாங்கிய தட்டு என்பதை நினைத்தால்தான் மனம் ஆற மாட்டேன் என்கிறது.

திருச்சியில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, நாலு கேசட்டை ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கும் காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளில் அப்படி ஒரு இரவில் பார்த்ததுதான் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘பிளேடு ரன்னர்’. மற்றவர்கள் பாதியிலேயே தூங்கிவிட்டார்கள். என் அண்ணன் மட்டும் கடைசி எழுத்து ஓடி முடியும் வரை உட்கார்ந்திருந்தார். இந்தப் படத்தின் இசை பாலிடார் நிறுவனத்தின் தட்டாகக் கிடைக்கும் என்று அதில் ஒரு வரி வந்தது. கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, அந்த வரியைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள ரெக்கார்டு கடைகளில் அதைத்தான் கேட்பார். கிடைக்கவில்லை.

அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. அவருடைய பழைய டர்ன்டேபிளை அண்ணி பழுது பார்த்துக் கொடுத்திருந்தார். நான் அந்தத் தட்டையே பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் தேடியபோது ஒரு விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. “பிளேடு ரன்னர், படத்தின் அசல் ஒலிப்பதிவு, 1982 முதல் பதிப்பு, நிலை: நியர் மின்ட்” என்று போட்டிருந்தார். நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்டப் புதிது போல என்று பொருள். படம் ஒன்றே ஒன்று. அட்டையைச் சாய்த்துப் பிடித்து எடுத்தது. படத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. சிறிய எழுத்துகள் இருந்த இடத்தில் விளக்கொளி விழுந்து வெள்ளையாகிவிட்டிருந்தது. படத்துக்கு இசையமைத்தவர் வாங்கெலிஸ். தொலைபேசியில் கேட்டேன்.

“இது வாங்கெலிஸ் இசைதானே?”

“ஆமாம் சார், வாங்கெலிஸ் இசைதான். 1982இல் வந்த அசல் பிரஸ்ஸிங். மறுபதிப்பு இல்லை.”

“பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?”

“பேக் பண்ணி வைத்துவிட்டேன் சார். இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.”

அந்த இரண்டு பேருக்குப் பயந்து அப்போதே அவருடைய சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை.

விழா முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு அண்ணன் பொட்டலத்தைப் பிரித்தார். அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது, ஒன்றும் சொல்லவில்லை. தட்டை விளிம்பில் பிடித்து எடுத்து, துடைத்து, சுழலவிட்டு, முள்ளை மெதுவாக இறக்கினார்.

வந்தது வேறு இசை. மெட்டு அதுவேதான். ஆனால் வயலின்களும் ஊதுகருவிகளும் சேர்ந்து வாசிக்கும் ஒரு பெரிய இசைக்குழு அதை வாசித்துக்கொண்டிருந்தது. படத்தில் ஒலிப்பதோ, வாங்கெலிஸ் லண்டனில் தன்னுடைய நீமோ ஸ்டூடியோவில் படத்தைத் திரையில் ஓடவிட்டுக்கொண்டு, பெரும்பாலும் தனியாளாகவே வாசித்துப் பதிவு செய்த இசை. அவர் வாசித்த யமஹா சிஎஸ்-80 என்ற சின்தசைசரில், அதாவது மின்னணு விசைக் கருவியில், விசையைத் தட்டிய பிறகும் விரலின் அழுத்தம் கூடக் குறைய அந்தந்த ஸ்வரத்தின் நாதம் மாறும். மேலே உள்ள பட்டையில் விரலை இழுத்தால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். நம் காதுக்கு அது கமகம் போலவே கேட்கும். ஆர்மோனியம் பழகிய அண்ணனுக்கு அந்த இசையின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணமே அந்த வழுக்கல்தான். அதைத் தாளில் எழுதி நாற்பது பேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால், எழுத முடிந்தது மட்டும்தான் வரும்.

“இது அது இல்லையே அண்ணா” என்றேன்.

“தெரியும் தம்பி. அட்டையைப் பார்த்ததுமே தெரிந்தது. நீ ஆசையாக வாங்கி வந்திருக்கிறாய், முழுவதும் கேட்போம்” என்றார்.

கேட்டோம். இரண்டாம் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு கீறல் இருந்தது. முள் ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே ‘டக்’ என்று இடித்தது. அதுதான் நியர் மின்ட்.

பிறகு அண்ணன் சொல்லித்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. படத்தின் எழுத்தில் அறிவித்த அந்த பாலிடார் தட்டு வெளிவரவே இல்லை. அதற்குப் பதிலாக 1982இல் கடைக்கு வந்தது, ‘நியூ அமெரிக்கன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற குழு வாசித்த தழுவல். 1989இல் வாங்கெலிஸின் தொகுப்பு ஒன்றில் சில பகுதிகள் மட்டும் வந்தன. அவருடைய சொந்த வாசிப்பு தனி ஆல்பமாக வெளிவந்தது 1994இல்தான். படம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து! ஆகவே ‘வாங்கெலிஸ் வாசித்த 1982 எல்.பி.’ என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. இந்த ஒரு விவரத்தைப் பார்த்திருந்தால் எனக்கு 4,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

அந்த இசைக்குழுவையோ அதை வெளியிட்டவர்களையோ நான் குறை சொல்லவில்லை. ‘வாங்கெலிஸ் இசையின் ஆர்க்கெஸ்ட்ரா தழுவல்’ என்று அவர்கள் அட்டையிலேயே நேர்மையாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியின் மேல் வெளிச்சம் விழும்படி படம் எடுத்து, ‘அசல் ஒலிப்பதிவு’ என்று தன் கையால் எழுதியவர்தான் ஏமாற்றியவர். மறுநாள் அவரை அழைத்தேன். “1982 என்று சொன்னேன், 1982தானே வந்திருக்கிறது? வாங்கெலிஸ் இசை என்றேன், அவர் இசைதானே?” என்று கேட்டார். ‘அசல் ஒலிப்பதிவு’ என்று போட்டிருந்ததைச் சொன்னேன். அப்படி எங்கும் போடவில்லை என்றார். விளம்பரத்தைப் போய்ப் பார்த்தால் அந்த இரண்டு சொற்கள் மட்டும் காணாமல் போயிருந்தன. கீறலைப் பற்றிக் கேட்டதற்கு, பிரித்து ஓட்டிய தட்டைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு என் எண்ணை எடுப்பதே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் புகாரோடு காட்ட என்னிடம் ரசீதும் இல்லை, விளம்பரத்தின் நகலும் இல்லை. உங்களுக்கு இந்த நிலை வர வேண்டாம். பணம் அனுப்புவதற்கு முன் விளம்பரத்தை எழுத்தோடு படம் பிடித்து வையுங்கள்.

நான் ஏன் இவ்வளவு எளிதாக ஏமாந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதுவரை நான் வாங்கியவை பெரும்பாலும் தமிழ்ப் படத் தட்டுகள். அவற்றில் இசையமைத்தவர் யார், பாடியவர் யார் என்று பார்ப்போம், அவ்வளவுதான். படத்தில் கேட்ட பாட்டே பெரும்பாலும் தட்டிலும் இருக்கும். வாசித்த குழு எது, எந்தப் பதிவு என்று கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. ஹாலிவுட் பின்னணி இசையில் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. ஒரே இசை படத்துக்காக ஒருமுறையும், ஆல்பத்துக்காக இன்னொரு முறையும், இருபது ஆண்டு கழித்து வேறொரு நாட்டு இசைக்குழுவாலும் பதிவாகியிருக்கும். எல்லா அட்டையிலும் அதே படத்தின் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படமான ‘ஜாஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1975இல் வெளிவந்த அதன் தட்டு, ஜான் வில்லியம்ஸ் ஆல்பத்துக்கென்றே மறுபடி வாசிக்கவைத்துப் பதிவு செய்தது. திரையில் ஒலித்த பதிவு ஆல்பமாக வந்தது 2000இல்தான். அதே ஆண்டில் இன்னொரு நிறுவனம் வேறொரு இசைக்குழுவை வைத்து அந்த இசையைப் புதிதாகப் பதிவு செய்தும் வெளியிட்டது. மூன்றில் எது வேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போனால், கையில் கிடைப்பதைத்தான் வாங்கி வருவோம்.

மறுபதிவு என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. 1960இல் வந்த ‘சைக்கோ’வின் இசையை பெர்னார்ட் ஹெர்மன் தாம் இறந்த 1975ஆம் ஆண்டில், தாமே நடத்தி மறுபடி பதிவு செய்தார். படத்தில் இருப்பதைவிட வேகம் குறைவு. ஆனால் ஒலி தெளிவு, நடத்தியவர் இசையமைத்தவரேதான். நான் அதை யோசிக்காமல் வாங்குவேன். எந்தப் பதிவு என்று தெரிந்து வாங்குகிறோமா என்பதுதான் கேள்வி.

நேரத்தையும் பாருங்கள். எண்பது, தொண்ணூறுகளின் அமெரிக்கப் பின்னணி இசை ஆல்பங்கள் பல அரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும். படத்துக்காக வாசித்ததை ஆல்பமாக வெளியிட்டால் வாத்தியக் கலைஞர்களுக்குத் தனியாக மறுபயன்பாட்டுத் தொகை கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள கலைஞர் சங்கத்தின் விதி. செலவைக் குறைக்க நிமிடத்தைக் குறைத்தார்கள். நம் மனத்தில் நிற்கும் காட்சியின் இசை அந்த அரை மணிக்குள் இல்லாமலே போகலாம். பிற்பாடு விரிவாக்கிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

பெரிய பதிப்பு என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. ‘பிளேடு ரன்னர்’ 1994 ஆல்பத்தில் பல இடங்களில் இசையின் மேல் படத்தின் வசனம் ஓடும். எனக்கு அது பிடிக்கவில்லை, அண்ணனுக்குப் பிடிக்கும். 2007இல் 25ஆம் ஆண்டு நிறைவுக்காக மூன்று குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பு வந்தது. அதில் முதலாவது 1994 ஆல்பமேதான். இரண்டாவதில் அதுவரை வெளிவராத இசை இருக்கிறது, வாங்குவதற்கு உரியது அதுதான். மூன்றாவது, படத்தை நினைத்து வாங்கெலிஸ் பிற்காலத்தில் புதிதாக இயற்றியது. படத்தில் வருவதே இல்லை.

திருட்டுப் பதிப்புகள் இன்னொரு தொல்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி விட்டால் சும்மா இருப்பார்களா? இந்தப் படத்தின் இசைக்கு 1994க்கு முன்பே திருட்டுத் தட்டுகள் சுற்றத் தொடங்கிவிட்டன. எல்.பி.யாக இருந்தால் லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே ஓர் எண் கீறியோ அச்சாகியோ இருக்கும். இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்தில் அதைப் போட்டால் எந்த ஆண்டு, எந்த நிறுவனம், வாசித்தவர் யார் என்பது வந்துவிடும். நான் இதைச் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அந்தப் படத்தை அனுப்ப மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள் என்றால் அந்த இரண்டு பேரே வாங்கிக்கொள்ளட்டும்.

அண்ணனுக்கு 2007 தொகுப்பை வேறு ஒரு கடையில் ரசீதோடு வாங்கி அனுப்பிவிட்டேன். இரண்டாவது தகட்டைப் போட்டுக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தார். பேசவில்லை, தொலைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

அந்த விற்பனையாளர் நேற்று வேறொரு படத்தின் தட்டுக்கு விளம்பரம் போட்டிருக்கிறார். அட்டை அதே கோணத்தில் சாய்ந்திருக்கிறது, சிறிய எழுத்தின் மேல் அதே வெளிச்சம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, “வாசித்தது யார்?” என்று கீழே கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் வரை பதில் வரவில்லை.