ஜெர்மனியில் முதல் வங்கிக் கணக்கு: தெருமுனைக் கிளையா, செயலி வங்கியா?

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வருபவர்கள், எந்த வங்கியில் மாதக் கட்டணம் குறைவு என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்குக் கையில் இருக்கும் காகிதங்களை வைத்து எந்த வங்கி கணக்குத் திறந்து தரும் என்பதுதான் அவசரமான விஷயம். சம்பளம், வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஐபேன் எண் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) வேண்டும். மாணவர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (ஷ்பெர்கோன்டோ) போட்ட 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அது வந்து விழுவதற்கே ஒரு நடப்புக் கணக்கு (ஷீரோகோன்டோ) இருக்க வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு உண்மையான போட்டி மூன்று தரப்புக்குள்தான்: ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் சேமிப்பு வங்கியான ஷ்பார்காசே; டாய்ச்ச பேங்க், கொமெர்ட்ஸ்பேங்க் போன்ற பெரிய தனியார் வங்கிகள்; கிளையே இல்லாத என்26 போன்ற செயலி வங்கிகள். ஐஎன்ஜி, டிகேபி இரண்டும் நல்ல வங்கிகள்தான், ஆனால் முதல் கணக்குக்குத் தோதானவை அல்ல. விண்ணப்பித்ததும், கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் ஷூஃபா நிறுவனத்தில் உங்கள் கடன் வரலாற்றைத் தேடுவார்கள். நேற்று வந்தவருக்கு அங்கே வரலாறு ஏது? காரணம் சொல்லாமல் நிராகரிப்பது சகஜம். ஒரு வருடம் கழித்து அவர்களிடம் போகலாம்.

காகிதத்தில் தொடங்குவோம். கிளை வங்கிகள் பொதுவாகக் கேட்பவை: பாஸ்போர்ட், விசா அல்லது வசிப்பு அனுமதி அட்டை, முகவரிப் பதிவுச் சான்று, பல்கலைச் சேர்க்கைச் சான்று அல்லது வேலை ஒப்பந்தம். இவற்றில் முகவரிப் பதிவுதான் சிக்கல். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பாடு. வரி எண் இன்னும் தபாலில் வரவில்லை என்றால் கவலை வேண்டாம், அந்த 11 இலக்கத்தைப் பிறகு கொடுக்கலாம். வசிப்பு அனுமதி அட்டை கைக்கு வர வாரக்கணக்கில், சில ஊர்களில் மாதக்கணக்கில் ஆகும். ஒரு கிளை விசாவே போதும் என்னும், அதே வங்கியின் அடுத்த கிளை அட்டை வந்த பிறகு வா என்னும். இரண்டாவது கிளைக்குப் போய்க் கேட்பதில் தவறே இல்லை.

செயலி வங்கியில் பதிவுச் சான்று கேட்கும் கட்டாயம் குறைவு. ஜெர்மன் முகவரியும் பாஸ்போர்ட்டும் இருந்தால் பெரும்பாலும் தொடங்கிவிடலாம். ஆனால் வங்கி அட்டை அந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மன் முகவரிகளில் கட்டட எண் இருக்கும், ஆனால் கட்டடத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பொதுவாகக் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும், கணக்கும் அந்தரத்தில் நிற்கும். வாடகை அறையில் தங்கினால், விண்ணப்பத்திலேயே உங்கள் பெயருக்குக் கீழே "சி/ஓ" போட்டு வீட்டுக்காரர் பெயரை எழுதுங்கள். அல்லது ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதிப் பெட்டியில் ஒட்டிவிட்டு விண்ணப்பியுங்கள். இது கிளை வங்கிக்கும் பொருந்தும்: அங்கே அட்டையும் ரகசிய எண்ணும் பெரும்பாலும் தனித்தனிக் கடிதங்களாக வரும்.

அடையாளச் சரிபார்ப்பில்தான் செயலி வங்கி சறுக்குகிறது. வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைச் சாய்த்துக் காட்டச் சொல்வார்கள், பாதுகாப்புக் குறிகள் மின்னுகின்றனவா என்று பார்ப்பார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை வீடியோவில் ஏற்பார்கள் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய பட்டியலில் இந்தியா, இலங்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், போஸ்ட்-இடென்ட் வசதி உள்ள வங்கியாகத் தேர்ந்தெடுங்கள். வங்கி தரும் கூப்பனையும் பாஸ்போர்ட்டையும் தபால் நிலையத்துக்கு எடுத்துப் போனால் ஊழியர் நேரில் பார்த்து முடித்துவிடுவார். பதிவுச் சான்று இருந்தால் அதையும் கொண்டு போங்கள், பாஸ்போர்ட்டில் ஜெர்மன் முகவரி இருக்காது.

அடுத்தது தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி: பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். "செல்வகுமார் ராமசாமி" முழுவதும் முதற்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். செயலியோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அப்பா பெயரை அங்கே போட்டால், சரிபார்ப்பவர் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று அழைப்பைத் துண்டிப்பார். கிளையில் இதே சிக்கலை ஊழியர் ஒருவர் பார்த்து, நகராட்சிப் பதிவில் இருப்பதுபோலவே உள்ளிட முடியும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது ஐபேனோடு பெயரும் சரிபார்க்கப்படுகிறது. பொருந்தாவிட்டால் அனுப்புபவருக்கு எச்சரிக்கை வரும். பணத்தை அது தடுக்காது, ஆனால் சம்பளப் பிரிவிலிருந்து உங்களுக்குக் கேள்வி வரும். பெயர் இப்படி அமைந்தவர்களுக்கு நான் கிளை வங்கியைத்தான் சொல்வேன், கட்டணம் இருந்தாலும்.

கட்டணம் என்று பார்த்தால் செயலி வங்கியின் அடிப்படைக் கணக்கு இலவசம், என்26-இல் பிளாஸ்டிக் அட்டைக்கு மட்டும் தனியாக 10 யூரோ. ஷ்பார்காசே என்பது ஒரே வங்கி அல்ல. ஒரே பெயரில் 300-க்கும் மேற்பட்ட தனித்தனி நிறுவனங்கள், ஊருக்கு ஊர் கட்டணம் வேறு. மாணவர்களுக்குப் பல இடங்களில் இலவசம், "ஸ்டூடென்ட்" என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

அட்டையில் கவனம் வையுங்கள். கிளை வங்கி தருவது ஜெர்மனியின் சொந்த டெபிட் அட்டையான ஷீரோகார்ட், செயலி வங்கி தருவது மாஸ்டர்கார்ட் டெபிட். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டும் செல்லும். சில பேக்கரிகள், சின்னக் கடைகள், ஏன் சில அரசு அலுவலகங்களில்கூட ரொக்கம் அல்லது ஷீரோகார்ட் மட்டுந்தான். ரொக்கம் எடுக்க ஷ்பார்காசே அட்டைக்கு எந்த ஊர் ஷ்பார்காசே இயந்திரமும் பொதுவாக இலவசம், வேறு வங்கி இயந்திரத்தில் சுமார் 5 யூரோ போகும். டாய்ச்ச பேங்க், கொமெர்ட்ஸ்பேங்க், போஸ்ட்பேங்க், ஹைப்போஃபெராயின்ஸ்பேங்க் நான்கும் இயந்திரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. செயலி வங்கியில் மாதத்துக்குச் சில தடவை இலவசம், அதற்குமேல் கட்டணம். ஊரிலிருந்து கொண்டுவந்த ரொக்கத்தைக் கணக்கில் போட வேண்டுமென்றால் கிளை வங்கிதான் வசதி.

வைஸ் போன்ற இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையில் பெல்ஜிய ஐபேன் கிடைக்கும், வருவதற்கு முன்பே திறக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப அது அருமை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, ஜெர்மனியின் குறியான 'டிஇ' என்று தொடங்கவில்லை என்பதற்காக வேறொரு ஒன்றிய நாட்டு ஐபேனை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை. நடைமுறையில் சில உடற்பயிற்சிக் கூடங்களும் கைப்பேசி நிறுவனங்களும் இன்னும் மறுக்கின்றன. சட்டப் பிரிவைக் காட்டிச் சண்டை போடுவதைவிட ஜெர்மன் எண் ஒன்று வைத்துக்கொள்வது சுலபம்.

எல்லாரும் கைவிரித்தால்? பாசிஸ்கோன்டோ. ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு மறுக்கக் கூடாது என்று 2016 முதல் சட்டம் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு முடிந்துவிடும். அதற்கான அச்சுப் படிவத்தை நிரப்பி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். 10 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபினிடம் மனுப் போடலாம். ஓவர்டிராஃப்ட் இருக்காது, கட்டணம் சற்றுக் கூட வரலாம், ஆனால் சம்பளமும் வாடகையும் ஓடும்.

பெயர்ச் சிக்கல் இல்லாமல், வீடியோவில் பாஸ்போர்ட்டும் ஏற்கப்படும் என்றால் செயலி வங்கியில் தொடங்கி, வசிப்பு அனுமதி அட்டையும் பதிவுச் சான்றும் வந்தபின் ஷீரோகார்டுக்காகக் கிளை வங்கியில் இரண்டாவதைத் திறக்கலாம். அப்போது முதல் கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். முடக்கக் கணக்கு நிறுவனம், காப்பீடு, வானொலிக் கட்டணம், கைப்பேசி எல்லாவற்றிலும் புதிய ஐபேனைப் பதிந்து, ஒரு முழு மாதம் எல்லாப் பிடித்தங்களும் புதிய கணக்கிலிருந்து போகின்றனவா என்று பார்த்த பிறகு மூடுங்கள். ஒரு பிடித்தம் திரும்பினாலே அபராதத்தோடு நினைவூட்டல் கடிதம் வரும்.