கோலாலம்பூர் வெயிலுக்கு எந்த பாலிஷ் மெஷின், எந்த காம்பவுண்ட்?

கார் பெயிண்ட்டைப் பாலிஷ் செய்ய மெஷினைக் கையில் எடுக்கும் முன் காரின் பானட்டில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி தாங்க முடியவில்லையா, அன்றைக்கு வேலையைத் தொடங்காதீர்கள். சுடும் தகட்டில் காம்பவுண்ட், அதாவது பெயிண்ட் கீறல்களைத் தேய்த்து எடுக்கும் பசை, வெட்டுவதற்குள் காய்ந்து மாவாகிவிடும். செராஸிலோ செந்தூலிலோ தெரஸ் வீட்டு போர்ச்சில் வேலை செய்கிறவருக்குக் காலை ஏழு முதல் பத்து வரைதான் நல்ல நேரம். ஆகவே இங்கே ஒரு காம்பவுண்டை மதிப்பிடும்போது, எவ்வளவு வெட்டுகிறது என்பதோடு எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மெஷின்களில் முதலில் ரூபெஸ் எல்.எச்.ஆர். 15 மார்க் 3. 15 மில்லிமீட்டர் வீச்சு (பேட் வட்டமடிக்கும் அகலம்), 125 மில்லிமீட்டர் பேக்கிங் பிளேட் (தேய்க்கும் பேட் ஒட்டும் தட்டு). மைவி, சாகா மாதிரியான சின்னக் கார்களின் கதவுக்கும் ஃபெண்டருக்கும் இதுதான் பொருந்தும். இதன் பேட் தானாகச் சுழல்வது, கியர் கிடையாது. வளைவில் சாய்த்துப் பிடித்தாலோ, அதிகமாக அழுத்தினாலோ சுழற்சி நின்று வெறும் அதிர்வுதான் மிஞ்சும். சத்தம் அப்படியே இருப்பதால் ஏமாந்துவிடுவோம். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தால் பேட் நின்றுவிட்டது என்று அர்த்தம். அழுத்தத்தைக் குறைத்து, பேட்டைத் தட்டையாக வைத்தால் திரும்பச் சுழலும். பம்பர் வளைவுக்கு 75 மில்லிமீட்டர் பேட் போடும் சின்ன மெஷின் வேண்டும், இதை வைத்துப் போராட வேண்டாம்.

அதே ரூபெஸின் எல்.எச்.ஆர். 21-க்கு 21 மில்லிமீட்டர் வீச்சு, 150 மில்லிமீட்டர் பிளேட். ஹைலக்ஸ் பானட், வேன் கூரை என்றால் வேலை பறக்கும். கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழையாது. ஒரே ஒரு மெஷின் வாங்குபவர் இதைத் தொடவே வேண்டாம்.

ஃபிளெக்ஸ் எக்ஸ்.சி. 3401 வி.ஆர்.ஜி. வேறு ஜாதி. 8 மில்லிமீட்டர் வீச்சு, 900 வாட், பேட்டைக் கியர் சுழற்றுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. நல்லதும் அதுதான், ஆபத்தும் அதுதான். பிடி தளர்ந்தால் கையை இழுக்கும். கதவின் மடிப்புக்கோட்டில் ஒரே இடத்தில் நின்றால் சூடேறி, நிறத்துக்கு மேலுள்ள தெளிவான பூச்சான கிளியர் கோட்டைத் தின்றுவிடும். பல கார்களில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் டேப் ஒட்டாமல் இதை இயக்காதீர்கள். தினமும் இதே தொழில் என்றால் வாங்கலாம்.

அமெரிக்க இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் வோல்ட்டைப் பாருங்கள். அங்கே 120, இங்கே 230 முதல் 240 வரை.

இனி காம்பவுண்ட். மெகுவயர்ஸ் எம்105-இன் துகள்கள் உடைவதில்லை; முதல் சுற்றில் வெட்டுவது போலவே கடைசிச் சுற்றிலும் வெட்டும். நம் சூட்டில் சீக்கிரம் காய்ந்து தூசு கிளப்பும். அதனால் 40 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மேல் பரப்பாதீர்கள். பட்டாணி அளவில் நாலு சொட்டு, மெஷின் வேகம் 4-இல், அதே சதுரத்தின் மேல் மெதுவாக நாலு நடை, உடனே துடைத்துவிடுங்கள். மென்செர்னா 400 கொஞ்சம் கூடுதல் நேரம் ஈரமாக நிற்கும், போர்ச் வேலைக்கு இதுவே நிம்மதி. ஆனால் இதன் துகள்கள் தேயத் தேயத்தான் மெருகு வரும். பாதியில் நிறுத்தினால் மங்கல் படியும். குறை காம்பவுண்டில் இல்லை, அவசரத்தில்தான்.

மைக்ரோஃபைபர் பேட் வேகமாக வெட்டும். மென்மையான கறுப்பு பெயிண்டில் அது புகைபோல மெல்லிய கீறல்களை விட்டுச் செல்லும். பிறகு மென்மையான ஃபோம் பேட்டில் மெகுவயர்ஸின் மெருகு பாலிஷான எம்205 போட்டு எடுத்தால்தான் கறுப்பு கறுப்பாகும். எண்ணெய்ப் பசை கீறலை மறைத்துக்காட்டும் என்பதால் 10 முதல் 15 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அடுத்த கதவுக்குப் போங்கள்.

மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொட்டிவிட்டு இரண்டே பேட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். முழுக் காருக்கு வெட்டும் பேட் மட்டும் குறைந்தது நாலு வேண்டும். காம்பவுண்டில் ஊறிய பேட் வெட்டாது, சூடேறும், கடைசியில் பின்பக்க வெல்க்ரோவின் பசை உருகிப் பிரிந்துவிடும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். கழுவிய பேட் நம் ஊர் ஈரக்காற்றில் ஓர் இரவில் காயாது. முந்தின நாள் கழுவியதை மறுநாள் காலையில் மாட்டுமுன் விரலால் அழுத்திப் பாருங்கள், ஈரம் கசிந்தால் அதை ஒதுக்கிவைத்து வேறொன்றை எடுங்கள்.